மாமியார் சொறிந்த இடம்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் ஓர் ஆள் ஓடிவிட்டார். அறுபதைத் தாண்டிய, நோய்நொடி இல்லாத, ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காரக்கூடியவர்கள் தேவை என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வந்தார். தொப்பியைப் பார்த்தார். அதிலிருந்து தொங்கும் முப்பத்திரண்டு ஒயர்களையும் பார்த்தார்.

"கரண்ட் உள்ள போகுமா, வெளிய வருமா?"

"உங்க மூளையிலேர்ந்து வெளியதான் சார் வரும். துளியூண்டு."

"இருக்கறதே கொஞ்சம்தாம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

ஐந்து வருடமாக என் பிழைப்பு இது. தலையில் முப்பத்திரண்டு இடத்தில் மின்துடிப்பை அளப்பது, எந்த இடம் எந்த இடத்தோடு ஒத்துப் போகிறது என்று பார்ப்பது. இரண்டு கோடுகள் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கினால் அந்த இரண்டு இடமும் பேசிக்கொள்கின்றன என்று கணக்கு. வயதானவர்கள் தெரிந்த குரலைக் கேட்கும்போது மூளையில் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள், முன்பின் தெரியாத குரலுக்கு யார் யாரோடு? இதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். மே 29 கடைசித் தேதி. இனி நீட்டிப்பு கிடையாது என்று அலுவலகத்தில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குள் ஒப்படைக்காவிட்டால் முனைவரும் இல்லை ஒன்றும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இதுவரை இருப்பது தலைப்பு மட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

லீவு. வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு என்னிடம் எதையோ சொல்ல முயன்றபடியே இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பேச ஆசைப்பட்டு அவரை நான் பார்த்ததில்லை.

லேபில் இன்று ஆண்டு மலருக்கு போட்டோ எடுக்கிறார்களாம். என் தலைமுடி இருக்கும் லட்சணத்துக்கு லீவு போட்டதே நல்லது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அத்தையோடு டப்பாச் சண்டை. காலை டீயில் உப்பு. சர்க்கரை டப்பா இருக்க வேண்டிய இடத்தில் உப்பு டப்பா.

"எடுத்த இடத்துல வெச்சா என்ன அத்தை?"

"உனக்கு எட்டுற இடம் எனக்கு எட்டல. நீ ஒட்டகம் மாதிரி வளந்திருக்க."

நான் மாற்றி வைத்தேன். மத்தியானம் பார்த்தால் மறுபடி பழைய கதை. வீட்டுக்காரர் உப்பு டீயை ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடித்தார். மாமியார் மருமகளுக்கு நடுவில் வாழக் கற்றுக்கொண்ட மனிதர்.

பிப்ரவரி 26, வியாழன்

கிடைத்துவிட்டது!!

ஓய்வு பெற்ற தபால்காரர்கள் சங்கத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். நடந்து நடந்து உரமேறிய மனிதர்கள், யாரும் ஓடவில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே விஷயம்: இடது முன்நெற்றியும் வலது பின்னந்தலையும் விடாமல் பேசிக்கொள்கின்றன. தலைக்கு இந்த மூலையும் அந்த மூலையும்! இவ்வளவு தூரத்தில் இவ்வளவு வலுவான இணைப்பை யாரும் பார்த்ததில்லை. நான் படித்த கட்டுரைகளில் இல்லை, படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் கட்டுரைகளிலும் இல்லை.

என் ஆய்வு வழிகாட்டி சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அப்புறம் என்னை முதல்முறையாக உட்காரச் சொன்னார்.

மார்ச் 3, செவ்வாய்

சார் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். "பாலம்." வெள்ளைப் பலகையில் தலையை வரைந்து, குறுக்கே சிவப்பில் ஒரு பாலம் போட்டு, கீழே "அழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறார். கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பார்க்கிறார். புது வீடு கட்டினவர் எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பாரே, அது மாதிரி.

எதிர்மேஜைக்காரனுக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். லேபில் அவனுக்குச் சந்தேகம் என்றே பெயர்.

"சார், தெரிஞ்ச குரலுக்கும் பாலம் இருக்கு, தெரியாத குரலுக்கும் இருக்கே?"

"யாரு பேசினாலும் திறந்திருக்கிற பாலம்."

"யாரும் பேசாதப்பவும் இருக்கு சார்."

"ஓய்வுலயும் திறந்திருக்கு. இன்னும் விசேஷம்."

"அவ்ளோ தூரம் போறதுக்குக் கொஞ்சமாவது நேரம் ஆகணும்ல சார்? ரெண்டு கோடும் ஒரே நொடியில ஏறுதே."

"அதான்யா அதிசயம்!"

"பிப்ரவரி முதல் வாரம் வந்த ஏழு பேருக்கு இல்லையே சார்?"

"அந்த ஏழு பேரும் நம்ம துறையில ரிட்டயர் ஆனவங்க. அவங்க தலைக்குள்ள பாலம் இல்லாததுல உனக்கென்ன ஆச்சரியம்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? மூன்றாம் அத்தியாயம் இப்போது நாற்பது பக்கம்.

மார்ச் 9, திங்கள்

பேப்பரில் வந்துவிட்டது. "மூளையில் புதிய பாலம் கண்டுபிடிப்பு." சாரின் படம் பெரிதாக. என் பெயர் கடைசி வரியில், பாதி மடிப்புக்குள். ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய சுருக்கக் கட்டுரையிலும் அப்படித்தான்: சார் முதலில், சந்தேகம் இரண்டாவது, நான் மூன்றாவது. அவன் கம்ப்யூட்டர் சரி பண்ணிக் கொடுத்தானாம்.

28ஆம் தேதி மாநாட்டில் சார்தான் முதல் பேச்சு.

மார்ச் 14, சனி

இரண்டு வருடமாக அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். "என் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு நீ பாக்கணுமா? அதெல்லாம் வேணாம்" என்று ஒரே பிடிவாதம். அப்படி என்னதான் ஓடுகிறது என்று எனக்கும் ஓர் அரிப்பு இருந்தது, மறுக்கவில்லை.

இன்று அவராகவே வந்து நின்றார். கையில் பேப்பர்.

"எனக்கும் அந்தப் பாலம் இருக்கான்னு பாரு."

கீழ்வீட்டு அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், தனக்கு இருக்கிறது என்று. "கண்டுபிடிச்சதே என் மருமவதான், எனக்கு இல்லாம இருக்குமா?"

தெரிந்த குரல் ஒன்று பதிவு செய்ய வேண்டும். வீட்டில் அதிகம் பேசுகிறவருடைய குரல் என்பது விதி. "மகன் குரல் வெக்கலாமா அத்தை?" என்றேன். "அவன் என்னிக்குப் பேசினான்? உன்னோடதையே வை" என்றார்.

மார்ச் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

வழக்கமாகப் பதிவு ஓடும்போது நான் திரையைப் பார்க்க மாட்டேன். கண் சிமிட்டல், தலையாட்டல் என்று பதிவில் சேரும் அழுக்கெல்லாம் போக அலசித் தரும் மென்பொருள் இருக்கிறது. அலசிக் காயப்போட்ட பிறகுதான் எங்கள் கையில் எடுப்போம். எல்லா லேபிலும் இதுதான் பழக்கம். இன்று அத்தைக்குத் தொப்பி மாட்டியபோது மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரணம் விஞ்ஞானம் இல்லை. என் குரலுக்கு அத்தையின் மூளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தெரியாத பெண்ணின் குரல் ஓடியபோது கோடுகள் சுறுசுறுப்பாக இருந்தன. என் குரல் வந்ததும் பின்னந்தலைக் கோடுகளில் பெரிய பெரிய, நிதானமான அலைகள். மூளை ஓய்வெடுக்கும் அலை அது. அதாவது நான் பேசினால் அவருக்கு நிம்மதியாக இருக்கிறது, அல்லது நான் பேசுவதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. விஞ்ஞானம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அப்போதுதான் அத்தை தலையைச் சொறிந்தார். ஒயருக்கு அடியில் தடவும் ஜெல் அரித்திருக்கும். வலது பின்னந்தலை, காதுக்குக் கொஞ்சம் மேலே. அங்கே விரல் பட்டால் அந்த இடத்துக் கோடு எகிற வேண்டும். அது சும்மா இருந்தது. இடது முன்நெற்றிக் கோடு திரையை விட்டே வெளியே குதித்தது.

"அத்தை, அதே இடத்துல இன்னொரு தடவை சொறிங்க."

"இப்ப அரிக்கலையே."

"பொய்யாவாவது சொறிங்க அத்தை!"

சொறிந்தார். குதித்தது. "இப்ப நெத்தில, இடது பக்கம்." சொறிந்தார். பின்னந்தலைக் கோடு குதித்தது.

இரண்டு ஒயர் மாறியிருக்கிறது. சாக்கெட்டில் இதன் இடத்தில் அது, அதன் இடத்தில் இது.

பாலம் இல்லை. பாலமும் இல்லை, ஆறும் இல்லை. பக்கத்து வீட்டு டிவி நம் ஹாலிலும் கேட்கும், பெட்ரூமிலும் கேட்கும். ஹாலும் பெட்ரூமும் பேசிக்கொள்கின்றன என்றா அர்த்தம்? தலையிலும் அப்படித்தான், ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்களில் ஒரே துடிப்பு ஒரே நேரத்தில் கேட்கும். பின்னந்தலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில் ஒன்றுக்கு "இடது முன்நெற்றி" என்று பெயர் போய்விட்டது. அண்டை வீட்டுப் பேச்சைப் போய் அகில உலகப் பேச்சு என்று பேப்பரில் போட்டுவிட்டோம்.

பஸ்ஸில் அத்தை கேட்டார்: "இருக்கா?"

"பாக்கணும் அத்தை."

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. மறைக்காத."

மார்ச் 17, செவ்வாய்

சந்தேகத்திடம் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன், ஒயரை யாராவது தொட்டார்களா என்று.

"போட்டோ அன்னிக்கு சார்தான்க்கா மாத்தினாரு. மஞ்சளுக்கு நடுவுல ஒரு ஊதா துருத்திக்கிட்டு இருந்துச்சு. கலர் வரிசையா இருந்தாத்தான் படத்துல எடுக்கும்னு சொன்னாரு."

"திருப்பி வெக்கலையா?"

"அதைக் கவனிக்கல."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா."

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் இதை மட்டும் விட்டுவிட்டான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, பேரை மாத்திப் போட்டு மறுபடி கணக்கு பண்ணா என்ன வரும்?" என்றார். இரவெல்லாம் அதைத்தான் பண்ணினேன். ஒன்றும் வரவில்லை. அத்தை தலையையும் சேர்த்துப் பதினேழு தலையிலும் ஒன்றும் இல்லை. நாற்பது பக்கம் போச்சு.

மார்ச் 18, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைப் பலகையில் இருந்த பாலத்தைப் பார்த்தார். பிறகு, "யாரு சொறிஞ்சது?" என்றார்.

"என் மாமியார் சார்."

"அவங்களுக்கு நம்ம மேல என்னம்மா கோபம்?"

நம்ப மாட்டேன் என்றார். ஒரு கிழவி சொறிந்ததை வைத்து முடிவுக்கு வர முடியாது, நிரூபி என்றார். தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "தட்டு." விரலால் வலது பின்னந்தலையில் தட்டினேன். முன்நெற்றிக் கோடு குதித்தது. "சரியாத் தட்டு!" தட்டினேன். குதித்தது. "இன்னொரு தடவை!" ஐந்து வருடக் கனவு. கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

தலையில் ஜெல்லோடு அப்படியே கல்லூரி முதல்வர் கூட்டிய கூட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஒரே வார்த்தை: "யார்கிட்டயும் சொல்லாதே."

மார்ச் 20, வெள்ளி

மாநாட்டு ஸ்லைடுகளை அனுப்பி எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். முதலில் நிம்மதி. பாலத்தைத் தூக்கிவிட்டார், தவறு நடந்ததைச் சொல்லத்தான் போகிறார். பதினோராவது ஸ்லைடைப் பார்த்தேன்.

"காரணம்: மாணவியின் கவனக்குறைவு."

மாணவியாம்! நான் அன்னிக்கு லேபுக்கே வரலையே! பல் ஆஸ்பத்திரில எச்சில் துப்புற கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஊதாவும் மஞ்சளும் பக்கத்துல வந்தா உனக்குக் கண்ணு கூசுதுன்னா அதுக்கு நானா பொறுப்பு? இது மேடையில வந்துச்சுன்னா அவ்வளவுதான், என் ஆய்வேட்டை எவன் தொடுவான்? ஒரு எக்ஸாமினரும் கையெழுத்துப் போட மாட்டான். அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷமா ஊர்ல இருக்கற பெருசுங்க தலைக்கெல்லாம் ஜெல் தடவினேன்!

தண்ணீர் குடித்தேன். "மாணவியின்" என்ற சொல்லை அழித்துவிட்டு அனுப்பினேன். எழுத்துப் பிழை பார்க்கத்தானே சொன்னார்.

மார்ச் 23, திங்கள்

ஸ்லைடு திரும்பி வந்தது. "காரணம்: மனிதப் பிழை."

மனிதன் யார் என்று இல்லை. ஸ்லைடில் பதிவு செய்தவர் என்று என் பெயர்தான் இருக்கிறது. பார்க்கிறவன் கூட்டிக் கழித்துக்கொள்வான்.

நேரே போய்க் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆய்வேட்டுக்கு வேண்டிய கையெழுத்து அவருடையது.

மார்ச் 24, செவ்வாய்

அத்தை லேபுக்கு வந்துவிட்டார். தனியாக இல்லை. காலை நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் நான்கு பேரோடு. எல்லோருக்கும் பாலம் பார்க்க வேண்டுமாம். ஒருவர் தலைக்குக் குளித்துவிட்டே வந்திருந்தார்.

சார் அறையிலிருந்து வெளியே வந்தார். தப்பிக்க வழியில்லை.

"பாலம்... இல்லைம்மா. ஒயர் மாறிப் போச்சு. ஒரு தப்பு நடந்துடுச்சு."

"அப்ப என் தலைல ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கும்மா, எல்லாம் இருக்கு. பாலம் மட்டும் இல்ல."

அத்தை கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். கீழ்வீட்டு அம்மாவும் அதில் இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"ஒயரை யாரு மாத்துனது?"

சார் உத்தரத்தைப் பார்த்தார். சந்தேகம் கீபோர்டைத் துடைத்தான். நான் சாரைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். "நீயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டிவிட்டார்.

"இவ இல்லைங்க. வீட்டுல ஒரு உப்பு டப்பாவ இந்தப் பக்கம் நவுத்தி வெச்சேன்னா ஊரைக் கூட்டிருவா. எது எங்க இருந்துச்சோ அது அங்கதான் இருக்கணும் இவளுக்கு. ராட்சசி. இவ ஒயரை மாத்தியிருக்கவே மாட்டா. வேற யாருன்னு பாருங்க."

நல்லதோ கெட்டதோ, என்னைப் பற்றி இவ்வளவு நிச்சயமாக இதுவரை யாரும் பேசியதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெல் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சார் ஐந்து பேருக்கும் காபி வாங்கி வரச் சொன்னார்.

மார்ச் 28, சனி

மாநாடு. முந்நூறு பேர் இருக்கும். நான் கடைசி வரிசை, கதவுக்குப் பக்கம். தேவைப்பட்டால் ஓடலாம்.

பதினோராவது ஸ்லைடு வந்தது. "மனிதப் பிழை." சார் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அப்புறம் ஸ்லைடில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்த மனிதன் நான்தான். படம் நல்லா வரணும்னு ஒயரைக் கலர் வரிசையா மாத்தினேன்."

ஆண்டு மலர் போட்டோவைத் திரையில் போட்டார். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அரங்கமே சிரித்தது. சாரின் காது சிவந்தது. நிறுத்தவில்லை. கண்டுபிடித்தது யார், எப்படி, யார் சொறிந்தார் என்று என் பெயரோடு முழுக்கச் சொன்னார். மாமியார் என்றதும் இன்னொரு சிரிப்பு.

தேநீர் இடைவேளையில் வேடிக்கை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் ஒதுங்கி வந்து தணிந்த குரலில் கேட்டார்கள்: "எந்த எடத்துலம்மா தட்டிப் பாக்கணும்?" மூன்று லேபிலிருந்து வந்தவர்கள். ஒருவர் போனில் யாரையோ கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் எதையும் அனுப்பாதீங்க" என்றார்.

ஏப்ரல் 15, புதன்

சாரோடு சண்டை. முதல் முறை, வாய்விட்டு.

ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். அதில் அவர் பெயர் மட்டும். என்னைக் காப்பாற்றுகிறாராம்.

"தப்புல உன் பேரு எதுக்கும்மா?"

"பாலத்துல மூணாவது பேரா போட்டீங்க. இடிச்சது நான் சார். இடிச்சதுக்காவது என் பேரு முதல்ல வரக் கூடாதா?"

"தப்பு என்னோடது, அது அப்படியே இருக்கட்டும். கண்டுபிடிச்சதை நீ தனியா எழுது. உன் பேர்ல மட்டும்" என்றார்.

எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

சந்தேகம் கேட்கிறான், அதில் இரண்டாவது பெயராகத் தன்னைப் போடலாமா என்று. துடைப்பத்தைத் தேடினேன்.

மே 29, வெள்ளி

ஒப்படைத்துவிட்டேன். மாலை நாலு மணிக்கு, அலுவலகம் மூடும் முன். மூன்றாம் அத்தியாயம் பதினெட்டுப் பக்கம். சார் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அத்தை, "கடைசில என்னதான் எழுதின?" என்றார். அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினேன்: தெரிந்தவர் குரலைக் கேட்கும்போதும் தெரியாதவர் குரலைக் கேட்கும்போதும் மூளையின் இணைப்பில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

"அப்டின்னா?"

"நான் பேசினாலும் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி பேசினாலும் உங்களுக்கு ஒண்ணுதான் அத்தை."

அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்.

"தப்பு. இன்னும் எங்கியோ ஒயர் மாறித்தான் இருக்கு. போய்ப் பாரு."